இரண்டு துண்டுக் கீபோர்டு

கரோலினுக்கு அழுகை வரவில்லை என்பது பாளையங்கோட்டையில் அவளுடைய தெரு முழுக்கத் தெரிந்த சங்கதி. கணவர் நேசையாவை அடக்கம் செய்துவிட்டுக் கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பியதும், வந்தவர்களுக்கெல்லாம் காபி போயிற்றா என்று பார்த்தாள். வாடகைக்கு எடுத்த நாற்காலிகளைத் துடைத்து அடுக்கினாள். நாத்தனார் ஞானசௌந்தரி அதைப் பார்த்துவிட்டு, "கல்லு நெஞ்சுக்காரி" என்றாள், பத்துப் பேர் காதில் விழுகிற மாதிரி. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? கரோலின் மூடப் பார்க்கவுமில்லை. நாத்தனார் சொன்னது தப்பு என்று அவளுக்கே தோன்றவில்லை. பதினான்கு மாதம் ஓடிவிட்டது. கல்கூட வெயிலில் கிடந்தால் சுடும். அவளுக்குச் சூடும் இல்லை, குளிரும் இல்லை. சாப்பிட்டாள், தூங்கினாள், வேலைக்குப் போனாள்.

வேலை நீதிமன்றத்தில். நீதிபதியின் மேடைக்குக் கீழே, சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கம்ப்யூட்டர் அவளுடையது. சாட்சி சொல்வதை அப்படியே அடிப்பதுதான் தட்டச்சர் வேலை என்று நினைப்பவர்கள் கோர்ட் வாசலை மிதிக்காத புண்ணியவான்கள். சாட்சி தன் வாய்க்கு வந்த பேச்சில் நீட்டி முழக்குவார். நீதிபதி அதில் வழக்குக்கு வேண்டியதை மட்டும் எடுத்து ஏட்டுத் தமிழில் ஒரு வரியாகச் சொல்வார். அந்த வரியைத்தான் அடிக்க வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் கரோலினின் காது ஒரு வித்தை பழகியிருந்தது. சாட்சி பேசும்போது அது மூடிக்கொள்ளும். நீதிபதி வாய் திறந்தால் திறந்துகொள்ளும். அடிதடியோ, பாகப்பிரிவினையோ, பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்கோ, எல்லாம் அவள் விரல் வழியாகப் போயினவே தவிர உள்ளே இறங்கியதில்லை.

நேசையா போன அன்றும் அவள் அந்த நாற்காலியில்தான் இருந்தாள். காலை பதினொன்று நாற்பதுக்கு அவர் வீட்டிலிருந்து கூப்பிட்டிருக்கிறார். மறுபடி பதினொன்று நாற்பத்து மூன்றுக்கு. மறுபடி பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு. கோர்ட்டில் செல்போன் சத்தம் கேட்கக் கூடாது என்பதால் அது பைக்குள் ஊமையாகக் கிடந்தது. ஆனால் பை அவள் கால்மாட்டில் இருந்தது. மூன்று முறையும் அது அதிர்ந்தது அவளுக்குத் தெரிந்தது. இந்தச் சாட்சி முடியட்டும் என்று இருந்துவிட்டாள். ஒரு மணிக்கு எடுத்துப் பார்த்தபோது, அவருடைய மூன்று அழைப்புக்கு மேலே பக்கத்து வீட்டாரின் அழைப்பு ஏழு இருந்தது.

இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, மகள் ரீபாவிடம்கூட. நாள் முழுக்க அடுத்தவர் சொல்லை அடித்துக்கொண்டே இருந்தால் தன் சொல் எதுவும் தலைக்குள் எழும்பாது. அதனால் அவளுக்கு அந்த நாற்காலி வேண்டும். வேறு எது போனாலும் சரி.

போனது கை. முதலில் காபி டம்ளர் நழுவியது. பிறகு ரவிக்கைக் கொக்கியை மாட்ட வரவில்லை. வலது கைக் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போய், யாரோ ஒட்டவைத்த விரல்கள் மாதிரி இருந்தன. டாக்டர் மணிக்கட்டைத் தட்டிப் பார்த்து, அங்கே நரம்பு நெரிபடுகிறது என்றார். இப்படியே கையை வளைத்து வைத்து அடித்தால் கட்டைவிரல் தசை கரைந்துவிடும், ஒரு வருடத்தில் ஊசிக்கு நூல் கோக்க முடியாது என்றார். கரோலின் தலையாட்டிவிட்டு வந்து மறுநாள் அதே கீபோர்டில் அதே மாதிரி அடித்தாள். ஆளே மரத்துக் கிடக்கும்போது மூன்று விரல் எம்மாத்திரம்?

விடாமல் நின்றவள் ரீபா. கோயம்புத்தூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள். அங்கிருந்து ஒரு பார்சல் அனுப்பினாள். உள்ளே நடுவில் பிளந்த ஒரு கீபோர்டு. இடது கைக்கு ஒரு துண்டு, வலது கைக்கு ஒரு துண்டு, இரண்டையும் இணைக்க ஒரு வயர். துண்டுகளைத் தோள் அகலத்துக்குத் தள்ளிவைத்து உள்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்திக்கொண்டால் மணிக்கட்டு வளையாது. எழுத்தை அழிக்கும் பொத்தான் வலது கட்டைவிரலுக்கு அடியிலேயே இருந்தது.

"எம்மா, ஒரு மாசம் பொறுத்துக்கோ. பழகிட்டா கைக்கு அம்புட்டுச் சுகமா இருக்கும்," என்றாள் போனில்.

"ஜட்ஜையா பொறுக்கணும்லா."

"நீ மொதல்ல மாட்டு."

மகளோடு வாதாடத் தெம்பில்லாமல் கரோலின் மாட்டினாள்.

கைக்குச் சுகமாகத்தான் இருந்தது. வேகந்தான் செத்துப்போயிற்று. கீபோர்டின் நடுவில் இருக்கும் 'ல'வை இடது விரலால் எட்டி அடிப்பது, வள்ளியூரில் டைப்பிங் படித்த காலத்திலேயே ஒட்டிக்கொண்ட கெட்ட பழக்கம். வாத்தியார் கண்ணுக்குத் தப்பியது இந்தக் கீபோர்டிடம் தப்பவில்லை. 'ல' வலது துண்டோடு போய்விட்டது. இடது விரல் ஒவ்வொரு முறையும் எட்டிப்போய் வெறும் மேசையைத் தொட்டது. நீதிபதி ஒரு வரி சொல்லிவிட்டு அவளுக்காகக் காத்திருந்தார். வக்கீல்கள் கடிகாரத்தைப் பார்த்தார்கள். நகல் பிரிவில் வேலை பார்க்கும் முத்துராணி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நீங்க கூடத்தையே ரெண்டா வெட்டிட்டியளே அக்கா," என்றாள். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்ததால் கரோலின் சிரித்தாள்.

வியாழக்கிழமை நீதிபதி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். சேலத்துக்காரர், கோபப்படத் தெரியாதவர். கோபப்படாதவர் சொல்வதை மறுப்பது கஷ்டம்.

"கரோலின்மா, உங்க கை முக்கியம். ஆனா ஒரு சாட்சிக்கு ரெண்டு சாட்சி நேரம் ஆகுது. பழைய கீபோர்டுன்னா நீங்களே இருங்க. இதுதான்னா, கை பழகற வரைக்கும் நகல் பிரிவுக்குப் போங்க. முத்துராணி இங்க உட்காரட்டும். நாளைக்குச் சாயங்காலம் சொல்லுங்க."

யோசிக்க அதில் ஒன்றுமில்லை. வெள்ளிக்கிழமை காலை கரோலின் பழைய கீபோர்டை எடுத்து வந்து மேசைக்கடியில் வைத்துக்கொண்டாள். அதற்குள் முதல் சாட்சியைக் கூப்பிட்டுவிட்டார்கள். மதியம் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

கூண்டில் ஏறியவர் மேலப்பாளையத்து அலிமா பீவி. அறுபது தாண்டியவர், பீடி சுற்றுகிறவர். அவருடைய கணவர் முகம்மது மைதீன் இறந்து மூன்று வருடம் ஆகிறது. இறந்த அன்று மதியம் அவர் வண்ணார்பேட்டைக்கு வந்து, குடியிருக்கும் வீட்டைத் தம்பி பெயருக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டார் என்பது தம்பியின் கட்சி. தம்பியின் வக்கீல் எழுந்து குறுக்கு விசாரணை செய்தார்.

"அன்னைக்கு மத்தியானம் உங்க வீட்டுக்காரர் வெளிய போனார்தானே?"

"எங்கன போவாவ? ரெண்டு நாளா காய்ச்சல். லுஹர் தொழுகைக்குக்கூடப் பள்ளிக்குப் போவல. கட்டில்ல உக்காந்துதான் தொழுதாவ."

நீதிபதி கரோலின் பக்கம் திரும்பிச் சொன்னார்: "அன்றைய தினம் என் கணவர் உடல்நலக் குறைவால் வீட்டிலேயே இருந்தார்."

கரோலின் அடிக்கத் தொடங்கினாள். 'உடல்நல' என்ற இடத்தில் இடது விரல் மேசையைத் தொட்டது. அழித்தாள். மறுபடி அடித்தாள். நீதிபதி காத்திருந்தார், வக்கீல் காத்திருந்தார், மின்விசிறி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அமைதியில் அலிமா பீவி ஒரு முடிவுக்கு வந்தார். தான் சொன்னது போதவில்லை என்றுதான் எழுதுகிற பெண் நிறுத்தியிருக்கிறாள். கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கரோலின் பக்கம் குனிந்து, பைய, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"எழுதிக்கிடும்மா. தண்ணி கேட்டாவ. நான் பீடி சுத்திக்கிட்டு இருந்தேன். கை வேலையா இருக்கேன், இந்தக் கட்டு முடியட்டும்னு சொன்னேன். ரெண்டாந் தடவையும் கேட்டாவ. நான் எந்திக்கல. கட்ட முடிச்சு நூலச் சுத்திட்டு நிமிந்து பாத்தா மூச்சில்ல, மவுத்தாயிட்டாவ."

கரோலின் அடித்தாள். நீதிபதியின் வரி எங்கே முடிந்தது, அடுத்த வரி யாருடையது என்று அவளுக்குத் தெரியவில்லை. காது மூடிக்கொள்ள மறந்திருந்தது. விரல் ஒவ்வொரு எழுத்தையும் தேடித் தேடிப் போயிற்று. தேடி முடிக்கிற வரைக்கும் அந்தச் சொல் அவளை விட்டுப் போகாமல் நின்றது.

"உங்க கணவர் அன்னைக்கு வீட்ட எழுதிக் கொடுத்தார்னு சொல்றேன்," என்றார் வக்கீல்.

"பொய்யி."

நீதிபதி அதையும் ஏட்டுத் தமிழாக்கினார்: "என் கணவர் அன்று வீட்டை எழுதிக் கொடுத்தார் என்று சொன்னால் அது சரியல்ல." அதோடு விசாரணை முடிந்தது.

முடிந்ததும் அடித்ததைச் சாட்சிக்குப் படித்துக்காட்ட வேண்டும், அது முறை. கரோலின் படித்தாள். உடல்நலக் குறைவால் வீட்டிலேயே இருந்தார் என்று படித்தாள். அதே குரலில் அடுத்த வரியையும் படித்தாள். "எழுதிக்கிடும்மா. தண்ணி கேட்டாவ. நான் பீடி சுத்திக்கிட்டு இருந்தேன். கை வேலையா..."

"நில்லுங்க," என்றார் நீதிபதி. "இதை நான் சொல்லலையே?"

"சாட்சி சொன்னாங்க ஐயா."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வக்கீல் எழுந்து, வழக்குக்குச் சம்பந்தமில்லாதது என்றார். நீதிபதி அலிமா பீவியைப் பார்த்தார், கரோலினைப் பார்த்தார். "எடுத்துடுங்கம்மா," என்றார், மெதுவாகத்தான்.

கரோலின் கட்டைவிரலுக்கு அடியில் இருந்த பொத்தானை அழுத்தினாள். மவுத்தாயிட்டாவ என்பதிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் பின்னால் போய், தண்ணி கேட்டதும் அழிந்தது. அவ்வளவு நாளும் இல்லாமல் அந்தக் கட்டைவிரல் வலித்தது.

மதிய இடைவேளையில் அவள் வராந்தாவில் நின்றிருந்தபோது அலிமா பீவி அவளைத் தேடி வந்தார்.

"அந்தத் தண்ணி சங்கதிய எடுத்துட்டியளாம்மா?"

"எடுக்கச் சொல்லிட்டாவம்மா."

"போவட்டும். மூணு வருசமா ஒருத்தர்ட்டயும் சொன்னதில்ல, பெத்த மவன்ட்டகூட. கூண்டுல ஏறுனா உள்ளதச் சொல்லணும்லா, அதான் சொல்லிட்டேன்."

கரோலின் வாயிலிருந்து, அவள் யோசித்து வைக்காத பேச்சு வந்தது. "எங்க வீட்டுக்காரவ மூணு தடவ போன் போட்டாவ. பைக்குள்ள அதிர்ந்துச்சு. எனக்குத் தெரிஞ்சுது. நான் டைப் அடிச்சிக்கிட்டு இருந்தேன். இந்தச் சாட்சி முடியட்டும்னு இருந்துட்டேன்."

அலிமா பீவி ஆறுதல் சொல்லவில்லை. விதி என்றோ ஆண்டவன் நாட்டம் என்றோ எதுவும் சொல்லவில்லை. "நான் சுத்துனது இருவத்தஞ்சு பீடி," என்றார். "அதுல ஒண்ணுக்கு இலை ஓரத்துல கிழிஞ்சிருந்துச்சு. அத மாத்திப் போட்டுச் சுத்துனேன். எல்லாம் ஞாபகம் இருக்கு. நீங்க என்னத்த அடிச்சிய?"

கரோலின் நினைவைத் தோண்டிப் பார்த்தாள். எவ்வளவு தோண்டினாலும் வரவில்லை. என்ன வழக்கு, கூண்டில் நின்றது ஆணா பெண்ணா, ஒன்றும் இல்லை. நேசையாவைத் தனியே விட்டுவிட்டு அந்த நேரத்தில் தான் யாரோடு இருந்தோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. அது அவளைப் பயப்படுத்தியது. பதினான்கு மாதத்தில் அவள் பயந்தது அதுதான் முதல் தடவை.

"தெரியலம்மா," என்றாள்.

அலிமா பீவி அவள் மணிக்கட்டை ஒருதரம் பிடித்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

மாலை நீதிபதி எழுந்திருக்கும்போது கரோலின் சொன்னாள்: "நான் நகல் பிரிவுக்குப் போறேன் ஐயா."

அவர் மேசைக்கடியில் பார்த்தார். "பழைய கீபோர்டு கொண்டு வந்திருக்கீங்க போல இருக்கே?"

"ஆமா ஐயா. முத்துராணிக்கு."

முத்துராணி வருவதற்குள் கம்ப்யூட்டரை ஒப்படைக்கத் தயார் செய்தாள். சாட்சியங்கள் எல்லாம் தேதிவாரியாக அதில் இருந்தன. ஒரு தேதியை மட்டும், நேசையா போன தேதியை, அவள் அதற்குப் பிறகு தொட்டதில்லை. திறந்தாள். அன்று முற்பகல் ஒரே ஒரு சாட்சியம்தான். சேமித்த நேரம் பன்னிரண்டு ஐம்பத்தேழு.

வேலித் தகராறு. சாட்சிக்கு ஐம்பத்தெட்டு வயது, விவசாயி. "மேற்படி முருங்கை மரம் என் அனுபவத்தில் உள்ளது. அதன் கிளைகள் பிரதிவாதியின் கூரைமேல் விழுந்து ஓடு உடைந்தது என்று சொன்னால் அது சரியல்ல." இப்படி நான்கு பக்கம். கரோலின் முதல் வரியிலிருந்து படித்தாள். எங்காவது ஓர் எழுத்து தடுமாறியிருக்கிறதா என்று பார்த்தாள். மூன்று முறை பை அதிர்ந்ததே, ஒரு முறையாவது விரல் பிசகியிருக்க வேண்டும். ஒரு துணைக்கால் விடுபட்டிருக்க வேண்டும், ஒரு புள்ளி இடம் மாறியிருக்க வேண்டும். இரண்டாம் பக்கத்தில் இல்லை. மூன்றாம் பக்கத்தில் இல்லை. கடைசியில் வழக்கமான வரி வந்துவிட்டது: படித்துக்காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது.

மறுபடி முதல் பக்கத்துக்குப் போனாள்.

"என்னக்கா தேடுதிய?" என்று கேட்டுக்கொண்டே முத்துராணி உள்ளே வந்து, வாசலருகே அவளுக்காக எடுத்து வைத்திருந்த பழைய கீபோர்டைக் கையில் எடுத்தாள்.

"ஒரு தப்பு," என்றாள் கரோலின். "ஒண்ணுகூட இல்ல முத்து. அவ்வளவு நேரம் கூப்பிட்டிருக்காவ, நான் ஒரு தப்புக்கூட விடல." மேற்கொண்டு சொல்ல வாய் திறந்தாள், வந்தது அழுகை. முத்துராணி பழைய கீபோர்டைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து அவளைப் பிடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று.