பொத்தானுக்கு முன்பே போன ராஜினாமா

அலுவலகப் படிவங்களையெல்லாம் பைத்தான் என்ற கணினி மொழியில் எழுதி இணையப் பக்கமாக்கும் வேலை அவளுடையது. ராஜினாமாப் படிவம் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பயன்பாட்டுக்கு வந்தது. பதினொன்றுக்குள் ஏழு பேர் வேலையை விட்டிருந்தார்கள்.

அவர்களில் ஒருவர் ஸ்டோர்கீப்பர். இருபத்திரண்டு வருட சர்வீஸ். மேலாளர் அறையிலிருந்து நேராக அவளிடம் வந்தார்.

"எப்படி இருக்குன்னு சும்மா தொறந்து பாத்தேம்மா. பட்டன்ல கையே வைக்கல."

"எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க, அண்ணா. உக்காருங்க."

ராஜினாமாக் கடிதத்தை அனுப்பும் நிரல்துண்டுக்குள் 'இங்கே வந்தேன்' என்று காட்டும்படி ஒரு வரி சேர்த்துவிட்டுப் பக்கத்தைத் திறந்தாள். பொத்தானைத் தொடவில்லை. 'இங்கே வந்தேன்' என்று திரை சொன்னது. அவளும் ராஜினாமா செய்தாயிற்று.

பொத்தானுக்கான வரியைத் தேடிப் பிடித்தாள். அழுத்தும்போது எதை அழைக்க வேண்டும் என்று அங்கே அந்த நிரல்துண்டின் பெயரை மட்டும் சொல்லியிருக்க வேண்டும். அவளோ அந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு ஜோடி வெற்று அடைப்புக்குறியும் போட்டிருந்தாள். அது இருந்தால் பைத்தான் யார் விரலுக்காகவும் காத்திருக்காது. வரியைப் படித்த கையோடு வேலையை முடித்துவிடும்.

"இந்த ரெண்டு வளைவா?" என்றார் ஸ்டோர்கீப்பர்.

"இதேதான்."

அழித்தாள். பக்கத்தைத் திறந்தாள், எதுவும் போகவில்லை. பொத்தானை அழுத்தினாள்; போனது.

மேலாளரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். எல்லாவற்றையும் ரத்து செய்த மேலாளர், "ரெண்டு பேருக்குப் பதில் ஆள் பாக்க ஆரம்பிச்சிட்டேன்," என்றார், தலை நிமிராமலே.

அவள் திரும்பியபோது ஸ்டோர்கீப்பர் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.

"ரத்தாயிடுச்சு, அண்ணா. தப்பு என்னோடது. நீங்க நிம்மதியா போங்க."

அவர் எழுந்திருக்கவில்லை. "காலையில மேனேஜர் மேடம் ஏன் போறீங்கன்னு கேக்கலம்மா. ஸ்டோர் சாவி யார்கிட்ட இருக்குன்னுதான் கேட்டாங்க."

அவர் அவளுடைய திரையைப் பார்த்தார்.

"இப்ப பட்டன் ஒழுங்கா வேலை செய்யுதா?"

"செய்யுது."

தன் கணக்கில் படிவத்தைத் திறந்து தரச் சொன்னார். காரணம் கேட்ட கட்டத்தில் 'சொந்தக் காரணம்' என்று ஒற்றை விரலால் தட்டினார். பிறகு பொத்தானை அழுத்தினார்.

"போயிடுச்சா?"

"போயிடுச்சு, அண்ணா. ஒண்ணுதான் போயிருக்கு."

"ஒரு மாச நோட்டீஸ்," என்று தனக்கே சொல்லிக்கொண்டு அவர் சாப்பிடப் போனார்.