சுவரை மறைக்க ஒரு கொடி

"நாளைக்குக் காலையில வீடு வாங்கறதுக்காகப் பார்க்க வர்றாங்க. அதுக்குள்ள இந்தச் சுவர் கண்ணுல படக்கூடாது" என்றான் அண்ணன், செடி நர்சரி நடத்தும் தங்கையிடம்.

கொல்லையில் இருந்த மண்மேட்டைத் தாங்கி நின்ற ஆளுயரச் சுவர் அது. போன மழையில் ஊறி, நடுவில் வயிறு தள்ளி, கை நுழையும் அளவுக்கு வெடித்திருந்தது.

எந்தக் கொடியால் அதை மறைப்பது என்று அவனே ஆராய்ந்தான். சுவரோடு ஒட்டிப் படரும் கொடியைக் காட்டினான். அதன் வேர் வெடிப்புக்குள் புகுந்து செங்கல்லையே பெயர்த்துவிடும் என்றாள் தங்கை. ரங்கூன் மல்லியைக் கேட்டான். அதற்குப் பந்தல் வேண்டும், ஒரே நாளில் நடக்கிற காரியமா? கடைசியில் கர்ட்டன் கொடியில் வந்து நின்றான். வளர்ந்த தொட்டிகளை மேட்டு விளிம்பில் வரிசையாக வைத்தால் போதும், பச்சைத் திரை போலத் தரைவரை தொங்கும்.

"அண்ணா, முதல்ல சுவரை இடிச்சுக் கட்டு. கொடியை அப்புறம் பார்க்கலாம்."

"செடி பார்க்கச் சொன்னா நீ இன்ஜினியர் வேலை பார்க்கிற. உன் நர்சரி யார் இடத்துல இருக்குன்னு ஞாபகம் இருக்குல்ல?"

பதினோரு வருட உழைப்பு அந்த இடத்தில்தான் இருந்தது. தன் நர்சரியிலிருந்து தொட்டிகளைக் கொண்டுவந்து மேட்டில் ஏற்றினாள்.

மறுநாள் ஒரு பள்ளி ஆசிரியை கணவனோடும் இரண்டு வயதுப் பிள்ளையோடும் வந்தாள். கொடியைப் பார்த்ததும் மயங்கிப்போனாள். இதன் அடியிலேயே ஊஞ்சல் போடலாம், பிள்ளை நாள் முழுக்க இங்கேயே விளையாடும் என்றாள். அண்ணன் பூம்பூம் மாடாகத் தலையாட்டினான்.

"இதை மேல மண்ணுலயே நட்டுடலாம்லக்கா? தண்ணி எவ்வளவு விடணும்?" என்று ஆசிரியை தங்கையிடம் கேட்டாள்.

தினமும் பத்துப் பேருக்குப் பதில் சொல்லும் கேள்விதான். ஆனால் அந்த மேட்டில் நாலு நாள் தண்ணீர் இறங்கினால் சுவர் தாங்காது. அண்ணன் தொண்டையைச் செருமினான். பிள்ளை கொடியைப் பிடித்து இழுத்தது.

"பிள்ளையைத் தூக்கிக்கம்மா" என்றவள், இரண்டு கையாலும் கொடியை விலக்கினாள். "தண்ணி விட்டா இது விழுந்துடும்."

வெடிப்பைப் பார்த்த கணவன் பிள்ளையை வாரிக்கொண்டு வெளியே நடந்தான். மனைவி பின்னாலேயே போனாள். கார் கிளம்பும் சத்தம் கேட்கும்வரை அண்ணன் அசையவில்லை. பிறகு, இந்த மாதத்தோடு நர்சரியைக் காலி பண்ணச் சொன்னான்.

அவள் மேட்டில் ஏறித் தொட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கினாள். ஏழாவதைத் தூக்கியபோது சுவரிலிருந்து ஒரு செங்கல் நழுவி அண்ணன் காலடியில் விழுந்தது.

அவன் பின்னால் நகர்ந்தான். "மேல நிக்காத, இறங்கு" என்றான்.

அவள் இறங்கவில்லை. இன்னும் ஐந்து தொட்டிகள் இருந்தன.