ஆர்வில் கெஸ்லரின் கனம்

நோரீன் நிலவறைப் படியில் பாதி இறங்கியிருந்தபோது மேலே கதவு திறந்தது. கையிலிருந்த சாவியைச் சட்டென்று உடுப்பின் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"கீழ என்னக்கா பண்ற?"

தம்பி வேட். சவரம் செய்து, அப்பாவின் கறுப்புக் கோட்டைப் போட்டிருந்தான். தோள் இரண்டு பக்கமும் தொளதொளவென்று தொங்கியது.

"மடக்கு நாற்காலி எடுக்க வந்தேன்."

"சர்ச்சுல நாற்காலிக்கா பஞ்சம்?"

அவன் கதவை விட்டு நகரவில்லை.

"அப்பாவோட அலமாரியைத் திறக்கறதா இருந்தா என்கிட்ட சொல்லு. அதுல எனக்கு ஒரு பெட்டி வேணும். ஒண்ணே ஒண்ணு போதும்."

"அவரை இன்னும் மண்ணுக்குள்ள வைக்கல வேட்."

"சும்மா சொன்னேன்" என்று சிரித்துவிட்டுப் போனான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

நான்கு நாளாகவே அவளுக்கு யாரையும் பிடிக்கவில்லை. அப்பா ஆர்வில் கெஸ்லர் புதன்கிழமை விடியும் நேரத்தில் போய்ச் சேர்ந்தார். அதற்கு முந்தைய நாள் மதியம் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, "வேட்கிட்ட அலமாரிச் சாவியைக் குடுக்காத" என்றார். அதற்குப் பிறகு பேசியதெல்லாம் தண்ணீர், போர்வை, ஜன்னல், அவ்வளவுதான். பெற்ற பிள்ளையைத் திருடன் என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடியிருக்கிறாரே என்று அவள் இரண்டு நாள் வெந்தாள். மூன்றாவது நாள், சொன்னது உண்மையாக இருக்குமோ என்று தம்பியைக் கவனிக்க ஆரம்பித்தாள்.

ஊரில் வேறு பேச்சே இல்லாத காலம் அது. தோட்டா கிடைக்கவில்லை. செவ்வாய்க்கிழமை டெல்பர்ட்டின் துப்பாக்கிக் கடைக்கு லாரி வரும். விடியும் முன்பே கடை வாசலில் முப்பது பேர் நிற்பார்கள். ஆளுக்கு இரண்டு பெட்டி. பத்தே நிமிடத்தில் எல்லாம் காலி. அந்த வாரமே சனிக்கிழமைத் துப்பாக்கிக் கண்காட்சியில் அதே பெட்டிகள், டெல்பர்ட் ஒட்டிய விலைச்சீட்டைக்கூடக் கிழிக்காமல், நாலு மடங்கு விலையில் உட்கார்ந்திருக்கும். யார் விற்கிறார்கள் என்று தெரியாது. எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்பட்டார்கள். அப்பாவைத்தான் அதிகம் சந்தேகப்பட்டார்கள், ஏனென்றால் வரிசையில் எப்போதும் முதல் ஆள் அவர்.

வசந்தத்தில் தீயணைப்பு நிலையக் கூடத்தில் நடந்த கூட்டத்துக்குப் பிறகு அது இன்னும் மோசமானது. வீட்டுக்கு இவ்வளவுதான் என்று வரம்பு வைக்கலாமா வேண்டாமா என்று ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தார்கள். அப்பா எழுந்து, "வரம்பு வேணும்" என்றார். அவருடன் நாற்பது வருடம் ஒரே முகாமில் மான் வேட்டையாடிய ஹார்லன் துள்ளிக் குதித்தான்.

"இன்னைக்குத் தோட்டாவை எண்ணுவான், நாளைக்குத் துப்பாக்கியை எண்ணுவான். அதுக்கு நீயே வழி காட்டறியா ஆர்வில்?"

"சில பேர் கையில ஒண்ணுகூட இருக்கக்கூடாத நேரம் ஒண்ணு வரும்" என்றாராம் அப்பா.

"யாரு அந்தச் சில பேரு? பேரைச் சொல்லு பாப்போம்!"

அப்பா பெயரைச் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டார். அடுத்த செவ்வாய்க்கிழமையும் வரிசையில் அவரே முதல் ஆள். ஊருக்கு உபதேசம் செய்துவிட்டுத் தனக்குச் சுருட்டுகிறார் என்று ஹார்லன் போகிற இடமெல்லாம் சொன்னான். அது நோரீன் வேலை பார்க்கும் பிட்ஸ்பர்க் வரைக்கும் எட்டியது.

வேட்டின் காலடி ஓசை மேலே அடங்கியதும் அவள் இறங்கிப்போய் அலமாரியைத் திறந்தாள். மான் தோட்டாக்கள் தட்டு தட்டாக இருக்கும் என்று எதிர்பார்த்தாள். எல்லாம் கையகலச் சின்னப் பெட்டிகள். எல்லாம் ஒரே ரகம். முப்பத்திரண்டு நீளம் என்று சொல்வார்கள், பழைய ரிவால்வர்களுக்குப் போடுவது. எண்ணினாள். நாற்பத்தொன்று இருந்தது. கீழ்த்தட்டில் ஒரு காபி டப்பாவுக்குள் அப்பாவின் வேட்டைத் துப்பாக்கிக்கான தோட்டா மூன்றே மூன்று கிடந்தது.

துப்பாக்கிகளுக்கு நடுவே வளர்ந்தவள் அவள். அப்பாவிடம் முப்பத்திரண்டு போடுகிற துப்பாக்கி கிடையாது. தனக்கு ஆகாததை ஒரு மனிதன் நாற்பத்தொன்று வாங்கி வைத்தால் எதற்கு? விற்கத்தான். ஹார்லன் சொன்னது உண்மை என்று நினைத்தபோது அவளுக்கு அழுகைகூட வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. லீவு போட்டு வந்து மூன்று வாரம் இந்த மனிதருக்குத்தானே மலஜலம் எடுத்தோம் என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

மேலே வந்தபோது வேட் சர்ச்சுக்குப் போயிருந்தான். சமையலறையில் டெல்பர்ட் நின்றார். தட்டில் ஒரு முழுப் பன்றித்தொடை, அதன்மேல் அவருடைய மனைவி உலர்திராட்சை வைத்துச் சுட்ட இனிப்பு அப்பம். அந்தப் பக்கத்தில் சாவு என்றால் அதைத்தான் சுடுவார்கள். அன்று காலைக்குள் அது ஏழாவது. சனிக்கிழமையே அடக்கம் என்பதால் எல்லோரும் அவசர அவசரமாகச் சுட்டிருந்தார்கள். திங்கள்கிழமை மான் வேட்டைப் பருவம் தொடங்குகிறது. அன்றைக்கு என்றால் சவப்பெட்டி தூக்க ஆள் கிடைக்காது, பாதிரியாரே காட்டில் இருப்பார்.

நோரீன் உடுப்புப் பையிலிருந்து ஒரு சின்னத் தோட்டாப் பெட்டியை எடுத்துப் பன்றித்தொடைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"கண்காட்சியில இதை வித்தது எங்கப்பாவா?"

டெல்பர்ட் தொப்பியைக் கழற்றினார். வழக்கமாகத் தூங்கும்போதுகூடக் கழற்ற மாட்டார் என்று கேலி செய்வார்கள்.

"எத்தனை இருக்கு?"

"நாப்பத்தொண்ணு."

"அப்ப இந்தச் சுத்து வட்டாரத்துல இருந்ததெல்லாம் அதான்" என்றார். "பழைய ரகம். இந்தப் பஞ்சத்துல கம்பெனிக்காரன் இதைச் செய்யறதையே நிறுத்திட்டான். எங்கயாவது ஒண்ணு தலைகாட்டினா நான் ஆர்விலுக்குப் போன் பண்ணணும். அதான் எங்களுக்குள்ள பேச்சு. கண்காட்சியில நாலு மடங்கு குடுத்து வாங்கினாரும்மா அவரு. விக்கலை."

"அவர்கிட்ட இதுக்குத் துப்பாக்கியே இல்லையே. யாருக்காக வாங்கினாரு?"

"யாருக்கும் போகக்கூடாதுன்னுதான் வாங்கினாரு."

அவள் புரியாமல் பார்த்தாள். டெல்பர்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"என் கடையில இந்த ரகத்தைக் கேட்டு வந்தது ஒரே ஆளு. போன மார்ச்ல. ஜெனெல்லைப் புதைச்ச மூணாவது வாரம். இன்னமும் வந்து கேக்கறான். சிரிச்சுக்கிட்டேதான் கேக்கறான்."

ஜெனெல் வேட்டின் மனைவி.

நோரீன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். தாத்தா ரயில்வேயில் காவல் வேலை பார்த்தபோது வைத்திருந்த முப்பத்திரண்டு ரிவால்வர். வேட்டின் இருபத்தொன்றாவது பிறந்தநாளன்று அப்பாதான் அதைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். அவள்தான் படம் எடுத்தாள்.

"துப்பாக்கியைக் கேட்டு வாங்கியிருக்கலாமே?"

"கேட்டாரு, தன்னையே ஏதாவது பண்ணிக்குவானோங்கற பயத்துல. பொசுக்குன்னு எழுந்து போனவன் ரெண்டு மாசம் இந்த வீட்டுப் படி ஏறல. அதோட கேக்கறதை விட்டுட்டாரு. இந்த ஊர்ல ஒருத்தன்கிட்ட இருந்து துப்பாக்கியைப் புடுங்க முடியுமாம்மா? இதுதான் முடிஞ்சுது."

ஒண்ணே ஒண்ணு போதும் என்று வேட் சொன்னது இப்போதுதான் அவளுக்குக் காதில் விழுந்தது. நான்கு நாளாகத் தம்பியைத் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்த்திருக்கிறாள். அவனிடம், சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நீங்களே எடுத்துட்டுப் போயிடுங்க."

"என்கிட்ட இருந்தா அது கடை. அவன் வந்து கேப்பான். உங்கப்பா இருந்தாரு, வித்துட்டேன்னு சொல்வேன். இனிமே யார்கிட்ட வித்தேன்னு சொல்ல?"

அவள் பன்றித்தொடை இருந்த தட்டைப் பார்த்தாள். பிறகு எழுந்து, வான்கோழி சுடுகிற பெரிய மூடிபோட்ட தட்டுகள் நான்கைப் பரண்மேலிருந்து இறக்கினாள். டெல்பர்ட் பெட்டிகளை எடுத்துவர நிலவறைப் படியில் இறங்கினார்.

சர்ச்சின் பின்கதவில் ஒரு பெண்மணி, "இன்னும் சாப்பாடா? கீழ மேசையில இடமே இல்லம்மா" என்றாள். நோரீன் நன்றி சொல்லிவிட்டு அப்பா கிடந்த அறைக்கு நடந்தாள். அடக்க வேலை பார்க்கும் லாயிட் அவளுடன் பள்ளியில் படித்தவன். தட்டைத் திறந்து பார்த்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"உடம்பை எரிக்கறதா இருந்தா இதைக் கூட வைக்கக் கண்டிப்பா விட மாட்டேன்" என்றான்.

"மண்ணுக்குள்ளதானே போறாரு?"

"அதனாலதான் யோசிக்கறேன். பாதிரியாருக்குத் தெரியுமா?"

"தெரியாது. வேட்டுக்கும் தெரியக்கூடாது."

வேட்டின் பெயரைக் கேட்டதும் லாயிட் சவப்பெட்டியின் கீழ்ப்பாதி மூடியைத் தூக்கினான். ஜெனெல்லைப் புதைத்ததும் அவன்தான். அப்பாவின் கால்கள் போர்வைக்குள் இரண்டு குச்சியாக இருந்தன, வேண்டிய இடம் இருந்தது.

பத்து மணிக்கு வேட்டை முகாம் ஆட்கள் வந்தார்கள். செத்தவனின் கோட்டுப் பையில் ஆளுக்கு ஒரு தோட்டா போட்டு அனுப்புவது அவர்கள் வழக்கம். ஹார்லன் போட்டது சுட்டுத் தீர்ந்த வெறுங்கூடு.

"கோவிச்சுக்காதம்மா. நல்லதை வீணாக்கற காலமா இது?" என்றான். "அவன்கிட்ட இல்லாததா? வேணும்னா வீட்டுல இருந்து எடுத்துக்கட்டும்."

பின்னாலிருந்த இருவர் சிரிப்பை அடக்கினார்கள். நோரீன் சிரிக்கவில்லை, கோபிக்கவுமில்லை. கடைசியாக வந்த வேட் பையில் எதுவும் போடவில்லை. அப்பாவின் காலரைச் சரி செய்துவிட்டு நின்றான்.

"இன்னைக்கு நான் உன் வீட்டுலதான் தங்கப்போறேன்" என்றாள் நோரீன்.

"எதுக்கு?" அவன் கண் சுருங்கியது. "ஜெனெல் போனதுல இருந்து கூட்டக்கூட இல்ல. ஒரே தூசி."

"எனக்குத் துடைக்கத் தெரியும். நாளைக்கும் இருப்பேன். நீ போகச் சொல்ற வரைக்கும் இருப்பேன். போகச் சொன்னாலும் இருப்பேன்."

அவன் அவளை உற்றுப் பார்த்தான். டெல்பர்ட் எங்கே என்று கூட்டத்துக்குள் தேடினான். டெல்பர்ட் பிரார்த்தனைப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படித்துக்கொண்டிருந்தார்.

ஆறு பேர் தூக்கினார்கள். வேட் முன்னால் இடப்பக்கம், ஹார்லன் அவனுக்கு எதிரே. தூக்கிய வேகத்தில் ஹார்லன் திணறி, "கடைசி வரைக்கும் நல்லா சாப்பிட்டிருக்கான் போல" என்றான்.

நோரீன் வரும்வரை அப்பாவைக் குளிக்க வைக்கத் தூக்கியவன் வேட்தான். ஒற்றைக் கையால் தூக்கலாம், கோழிக்குஞ்சு மாதிரி ஆகிவிட்டார் என்று அவனே அவளிடம் போனில் சொல்லியிருந்தான். இப்போது பிடியில் அவன் விரல்கள் வெளுத்திருந்தன.

கல்லறைச் சரிவில் முந்தைய நாள் பனி உறைந்து கிடந்தது. பாதி வழியில் ஹார்லனின் கால் வழுக்கியது. பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தது. உள்ளே கால்மாட்டில் ஏதோ சரிந்து, அட்டைக்குள் பித்தளை குலுங்கும் ஓசை கேட்டது. பாதிரியாருக்கு அது என்னவென்று தெரிந்திருக்காது. ஒவ்வொரு நவம்பரும் அந்த ஓசையோடு விடிந்த ஆறு பேருக்கும் தெரிந்தது. அப்படியே நின்றுவிட்டார்கள்.

"அடப்பாவி ஆர்வில்" என்றான் ஹார்லன் மெல்ல. "போகும்போதும் சுருட்டிக்கிட்டா போற?"

இந்த முறை யாரும் சிரிப்பை அடக்கவில்லை, யாரும் சிரிக்கவுமில்லை. நாளைக் காலைக்குள் இது ஊர் முழுக்கப் போய்விடும், அப்பாவின் பெயர் இனி இதுதான் என்று நோரீனுக்குத் தெரிந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதைச் சொல்லி அப்பாவை மீட்கலாம். வேட் முன்னால் அதைச் சொல்ல முடியாது. வாயைத் திறக்காமல் நின்றாள்.

வேட் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தான். அவள் கண்ணை எடுக்கவில்லை.

"வேட், கீழ வைக்கலாமாப்பா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள். "ரொம்பக் கனக்குது."

"வேண்டாம். நடங்க" என்றான் வேட். காலியாக இருந்த இன்னொரு கையையும் கொண்டுவந்து பிடியில் சேர்த்துக்கொண்டான்.