சத்தமில்லாத சுவர்க்கோழிகள்

எங்கள் மலாங் பக்கத்தில் ஆகஸ்ட் பிறந்தால் சுதந்திர தின ஊர்வலம்தான். லாரியில் ஒலிபெருக்கிப் பெட்டிகளை வீட்டு உயரத்துக்கு அடுக்கிக் கட்டித் தெருத்தெருவாக விடுவோம். என் லாரி வந்தால் ஓடு சரியும். நெஞ்சுக்குள் இன்னொரு இதயம் வைத்து அடிப்பது போலிருக்கும். பதினாறு வருஷமாகச் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்களைத் திருகுகிறேன், இன்றைக்கும் எனக்கு மயிர்க்கூச்செறியும். அதை வெறும் இரைச்சல் என்பவனோடு நான் பேசுவதில்லை. ஊர்வலத்துக்கு முந்தின நாளே சன்னல் கண்ணாடியைக் கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைக்கிற ஊர், காதை மட்டும் கொண்டுவந்து லாரி முன்னால் நிறுத்தும். அதில் முதல் ஆள் நான்.

லாரி உச்சியில் கொடியோடு உட்கார்வது குமிழ் திருகுபவனின் பிள்ளைக்கு உரிய மரியாதை. இந்த வருஷம் என் மகள் கெண்டிஸுக்கு ஆறு வயது, அவள் முறை. பச்சைச் சட்டை தைத்து ஆணியில் மாட்டியாகிவிட்டது.

ஊர்வலத்துக்கு நான்கு நாள் முன்பு, பக்கத்து ஊரில் ஒலிபெருக்கி லாரிப் போட்டி முடித்து வந்த மறுநாள் காலை, என் மனைவி சுமினி சந்தைக்குப் போயிருந்தாள். பறவை வளர்ப்பவர்களுக்கு இரையாக விற்க அவள் பின்னறையில் பத்துப் பெட்டி சுவர்க்கோழிப் பூச்சி வளர்க்கிறாள். தீனி போடக் கதவைத் திறந்தேன். எப்போதும் கீச்சிடும் அறை அமைதியாக இருந்தது. எறும்பு புகுந்து கொன்றுவிட்டதென்று நினைத்து, வாசலுக்கு ஓடிப்போய் அவள் வரும் வரை நின்றேன்.

"பத்துப் பெட்டியும் செத்துப்போச்சு சுமினி."

அவள் கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். அறைக்குள் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். வாய் அசைந்தது, கதவருகே நின்ற எனக்குச் சரியாகக் கேட்கவில்லை. வெளியே இழுத்து வந்து சொன்னாள்:

"என்னங்க இது விளையாட்டு? உள்ள காது கிழியுது. நான் பேசுறது எனக்கே கேக்கல."

நான் நம்பவில்லை. போய் ஒரு மூடியைத் தூக்கினேன். முட்டை அட்டைகளின் மேல் நூற்றுக்கணக்கில் அவை. ஆண்பூச்சிகள் எல்லாம் கீச்சிடுவதற்கு இறக்கையை உயர்த்தி உரசிக்கொண்டிருந்தன. இறக்கை அதிர்வது கண்ணுக்குத் தெரிந்தது. சத்தம் மட்டும் இல்லை. அப்படி ஒரு காட்சியை நான் கண்டதில்லை. பயந்துபோய் மூடியைப் போட்டுவிட்டேன்.

சுமினி என்னைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போனாள்; எந்தா என்ற நர்ஸ் என் காதைச் சோதித்துப் பார்த்தார். உள்காதில் கண்ணுக்கே தெரியாத மயிர்கள் வரிசையாக நிற்கின்றனவாம்.

"நாத்து மாதிரி, அண்ணே. ஒரு நாள் காத்துக்குச் சாஞ்சா நிமிந்துக்கும். தினம் சாய்ச்சா செத்துரும். மறுபடி முளைக்காது. கீச்சுச் சத்தத்தைப் பிடிக்கிறதுதான் முதல்ல போகும்."

ஒரு பயறு அளவு இடத்திலா இத்தனை நாள் என் பிழைப்பு முழுவதும் நின்றிருந்தது? உன் பெட்டிச் சத்தம் காதில் ஊசியாகக் குத்துகிறதென்று போட்டி லாரிக்காரன் கார்ஜோ சொன்னபோது பொறாமை என்று சிரித்திருக்கிறேன். எனக்குக் கேட்காமல் போகப் போக, கீச்சுச் சத்தத்தைக் கூட்டிக் கூட்டி வருஷா வருஷம் ஊர்க் காதில் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மிச்சமிருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் நர்ஸ். பஞ்சு உதவாதாம். நுரை அடைப்பானை ஒல்லியாக உருட்டி, காதை மேலே இழுத்துச் செருகி, அது உப்பும்வரை விரலால் பிடிக்க வேண்டுமாம். அடிக்கடி விலகிப்போய் ஓய்வு கொடுக்க வேண்டுமாம்.

ஊர்வலத்தன்று காதை அடைத்துக்கொண்டு, முதல் வருஷம் சத்த அளவைக் குறித்து நான் போட்டிருந்த பென்சில் கோட்டுக்கே குமிழை இறக்கினேன். கெண்டிஸை ஏற்றவில்லை. இரண்டு வயல் தள்ளி, காதை மூடும் கவசத்தோடு சுமினி பக்கத்தில் நிறுத்தினேன். பச்சைச் சட்டை நனைய அழுதாள். கார்ஜோ விடுவானா?

"சமையக்காரன் தன் புள்ளைக்கு மட்டும் வேற கடையில சோறு வாங்குறான் பாரு."

உண்மைதான் என்பதால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

மறுநாளும் கெண்டிஸ் என்னோடு பேசவில்லை. தீனித் தட்டோடு நான் பின்னறைக்குப் போனபோது மட்டும், முகத்தைத் திருப்பியபடியே பின்னால் வந்தாள். கதவைத் திறந்ததும் இரண்டு கையாலும் காதைப் பொத்தினாள்.

"அப்பா, இதுங்கள வாய மூடச் சொல்லு. காது வலிக்குது."

எனக்கு அந்த அறையில் ஒன்றுமே கேட்கவில்லை. தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் முன்னால் உட்கார்ந்தேன்.

"எல்லாம் கேக்குதாம்மா?"

"எல்லாந்தான் கேக்குது," என்றாள் எரிச்சலோடு. "நீ ஏன் அழுற?"