நெவிலின் பெயர் கொண்ட சிள்வண்டு

மலைச்சரிவெங்கும் மனுக்காப் புதர்கள் பூத்துக் கிடந்தன. உச்சி வெயிலில் சிள்வண்டுகள் காதைப் பிளந்தன. நெவிலின் காதை மட்டும்தான். ரோனாவுக்கு அந்தக் கீச்சுக்குரல் கேட்காமல் போய் இரண்டு கோடை ஆகிவிட்டது. பாட்டை வைத்துச் சிள்வண்டுகளை இனம் பிரிப்பதே பிழைப்பாக இருந்தவளுக்கு இப்படியொரு சோதனை. அதனால்தான் கணவன் நெவிலை இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

கல்யாணமான வருடம், இந்தச் சரிவில் பாடும் வண்டைப் புல்வெளி வண்டிலிருந்து பிரித்து, தனி இனம் என்று அறிவித்து, நெவிலின் பெயரை வைத்தவள் அவள். மோதிரத்தைவிட அதில்தான் அவனுக்குப் பெருமை. இப்போது அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது, இரண்டும் ஒன்றுதானோ என்று.

ஆண் பாடும்போது பெண் சரியான கணம் பார்த்து இறக்கையைச் சொடுக்கும். அந்தக் கணம் இனத்துக்கு இனம் மாறும். நாம் விரலால் சொடக்குப் போட்டாலும் ஆண் ஏமாந்து வந்துவிடும். புல்வெளிப் பெண்ணின் கணத்தில் சொடக்குப் போட்டு இந்தச் சரிவு வண்டு வந்துவிட்டால், இரண்டும் ஒரே இனம். நெவிலின் பெயர் காலி.

பாட்டில் அந்தக் கணம் வந்ததும் அவன் கேட்டுத் தலையாட்ட வேண்டும், உடனே அவள் சொடக்குப் போட வேண்டும். ஆட்டினான். வண்டு அசையவில்லை. மறுபடி ஆட்டினான். ம்ஹூம்.

"பாத்தியா, வேற இனம்தான். வா, டீ குடிக்கலாம்" என்றான்.

"என்ன அவசரம்? வண்டோட வயித்துத் துடிப்பு அடங்கி ரொம்ப நேரம் கழிச்சு, வேணும்னே தலையாட்டுற. எனக்குக் காதுதான் போச்சு, கண்ணு இருக்கு."

நெவிலின் முகம் சிவந்தது. "நீ குடுத்த பேரு ரோனா அது. விட மனசு வரல."

"எனக்கு மட்டும் வருதா? நாளைக்கு எவனோ வந்து உன் பேரை அடிச்சா தாங்கமாட்டேன். நானே அடிச்சிடறேன். ஒழுங்கா ஆட்டு, கிழவா."

ஒழுங்காக ஆட்டினான். பச்சை வண்டு பறந்து வந்து அவள் கட்டைவிரலில் உட்கார்ந்தது. ரோனாவின் கண் கலங்கியிருந்தது. நெவில் இஞ்சி பிஸ்கட்டை டீயில் நனைத்து அவள் வாயில் வைத்தான்.

பிறகு பையை மாட்டிக்கொண்டு அவள் இறங்கினாள். நெவில் அந்தப் புதரையே பார்த்தபடி நின்றான். பாதி வழியில் திரும்பி, ஒரு சொடக்குப் போட்டாள். விறுவிறுவென்று இறங்கி வந்தான்.

அவன் கையைக் கோத்துக்கொண்டு ரோனா சொன்னாள்: "இந்த இனம் மட்டும் எப்பச் சொடக்குப் போட்டாலும் வந்துடுது."