டால்ஃபினுக்கு ஏற்ற படகு

பகலெல்லாம் பல் மருத்துவமனையின் பின்னறையில் உட்கார்ந்து ஊரார் வாய்க்குப் பல் செட் செய்கிறவள், வீட்டுக்கு வந்தால் கப்பல் செய்வாள். தொட்டியில் மிதக்கவிடும் கப்பல் என்று யாராவது நினைத்தால் அவளுக்குப் பொல்லாத கோபம் வரும். நிஜக் கப்பலை அச்சு அசலாக எழுபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்கி, சுற்றிலும் கண்ணாடி போல இறுகும் ரெசின் ஊற்றிக் கடலையும் செய்து, பலகையில் நிறுத்துகிற வேலை அது. அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். இந்தப் பொடி சமாசாரமெல்லாம் அவர் கண்ணிலேயே பட்டதில்லை.

கப்பல் சங்கத்தின் வருடாந்திரக் கண்காட்சியில் கோப்பை அவளுக்கு மயிரிழையில் தவறிக்கொண்டே இருந்தது. எல்லாம் நடுவரால். அவர் ஓய்வுபெற்ற நில அளவையாளர். சட்டைப்பையில் பேனாவுக்குப் பதில் வெர்னியர் அளவுகோல் வைத்திருப்பதால் எல்லாருக்கும் அவர் வெர்னியர்தான். பலகையில் இருப்பது எதுவானாலும் ஒரே அளவில் சுருங்கியிருக்க வேண்டும் என்பது அவர் வேதம். போன வருடம் இவள் கப்பல் கம்பத்தில் உட்கார்ந்திருந்த பறவையை அளந்துவிட்டு, "இது கடற்காகம் இல்லம்மா, நெருப்புக்கோழி" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். இந்த முறை விடுவதில்லை என்று ஓர் இழுவைக் கப்பலை மாதக்கணக்கில் இழைத்து வைத்திருந்தாள்.

கண்காட்சி நெருங்கியபோது ஒருநாள் காலையில் ரெசினை ஊற்றினாள். இறுகியதும் வெளியே எடுக்க வசதியாகக் கப்பலை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி அதில் இறக்கிவிட்டு வேலைக்குப் போனாள். சாயங்காலம் வந்து பார்த்தால், கல்லாக இறுகிய கடலில் ஒரு பொம்மை டால்ஃபின். பாதி உடம்பு தண்ணீருக்கு மேலே, முகமெல்லாம் சிரிப்பு.

பக்கத்தில் பிரித்துப் போட்ட பொம்மைப் பாக்கெட் கிடந்தது. அதில் திமிங்கிலமும் நண்டும் கடல்குதிரையும் ஒரே நீளம். அவள் மனக்கணக்குப் போட்டாள். அவள் கப்பலுக்குப் பக்கத்தில் அந்த டால்ஃபின் ஒரு லாரி நீளம் வந்தது. வெர்னியர் தன் அளவுகோலைக்கூட வெளியே எடுக்கமாட்டார், சிரித்தே கதையை முடித்துவிடுவார்.

"கடல் காலியா கெடந்துச்சு, பாவமா இருந்துச்சு. அதான் நானே வாங்கிட்டு வந்து வச்சேன்" என்றார் கணவர்.

சொல்லிவிட்டுச் சிரித்தார். முன்பல் இரண்டு கிடையாது. பல் கட்டுகிறவளின் புருஷன் பொக்கை வாயோடு திரிவது அவளுக்கு மானப் பிரச்சினை. கெஞ்சியும் பார்த்தாள், திட்டியும் பார்த்தாள். லிஃப்ட் பள்ளத்தில் தொங்கிக்கொண்டு வேலை செய்கிற மனிதருக்கு டாக்டர் நாற்காலியைக் கண்டால் கை கால் உதறும்.

தன்னோடு வேலை செய்கிறவர்களையெல்லாம் டால்ஃபின் பார்க்கக் கண்காட்சிக்கு அழைத்திருப்பதாகவும் சொன்னார். அவளுக்குக் கோபம் வந்தது. கூடவே சந்தோஷமும் வந்து தொலைத்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்த மேசைப் பக்கமே எட்டிப் பார்க்காத மனுஷன்.

மறுநாள் மருத்துவமனையிலிருந்து சின்ன டிரில்லை எடுத்து வந்தாள். டால்ஃபினைக் குடைந்து எடுப்பது பெரிய வேலை இல்லை. பக்கத்தில் கொண்டுபோனால் அது அவரைப் போலவே சிரித்தது. டிரில்லை அணைத்துவிட்டு, ஒரு பெருமூச்சு விட்டு, இழுவைக் கப்பலைத் தூக்கி அலமாரியில் வைத்தாள்.

டால்ஃபினை அளந்தாள். நிஜ டால்ஃபினில் இருபதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொண்டால் கச்சிதம். அந்தக் கணக்கில் கப்பல் விட்டுப்போன பள்ளத்தில் ஒரு மீன்பிடிப் படகு உட்காரும். இழுவைக் கப்பலுக்குப் புயலாக இருந்த அலைகள் படகுக்கு லேசான காற்றாகிவிட்டன. தூக்கத்தைத் தொலைத்துப் படகைச் செய்தாள். பல் செட்டுக்கு வைத்திருந்த மெழுகில் ஓர் ஆளையும் செய்து, டால்ஃபினைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி படகில் உட்காரவைத்தாள்.

கண்காட்சியில் வெர்னியர் டால்ஃபினை இரண்டு முறை அளந்தார். படகை அளந்தார். குறை கிடைக்காத வருத்தம் முகத்தில் தெரிந்தது. பிறகு பூதக்கண்ணாடியை ஆளிடம் கொண்டுபோனார்.

"எல்லாம் சரிம்மா. ஆனா இந்த ஆளுக்கு முன்னாடி ரெண்டு பல்லு இல்லையே. வேலையை முடிக்காமலே கொண்டாந்துட்டீங்க."

அவள் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு கணவர் வந்தார். பொம்மையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு வெர்னியர் முன்னால் குனிந்து 'ஆ'வென்று வாயைத் திறந்தார்.

"அளந்துக்குங்க சார்."

வெர்னியர் சளைத்தவரா? அளவுகோலை வாய்க்குள்ளேயே விட்டார். கணவர் அசையவில்லை. அவள்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கோப்பை வீட்டுக்கு வந்தது. வருகிற வழியெல்லாம் அதைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தவர், வாசலில் செருப்பைக் கழற்றும்போது மெதுவாகக் கேட்டார்.

"நான் பல்லு கட்டிக்கிட்டா, அந்த ஆளுக்கும் கட்டணுமில்ல?"

"கட்டித்தான் ஆகணும்" என்றாள் அவள். "இல்லன்னா அளவு தப்பாயிடும்."

"அப்ப ரெண்டு பேருக்கும் சேத்தே செஞ்சிடு" என்றார் அவர்.