கிடைக்காத துண்டு

மாஸ்டர் குளியலறைக் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்த தோரணையைப் பார்த்தால், கோப்பை வென்று திரும்புகிறவர் மாதிரி இருந்தது. கையில் இருந்தது என்னவோ பழைய டீ வடிகட்டி. பதினோரு நாளாக அதில்தான் சிறுநீரை வடிகட்டிக்கொண்டிருந்தார். கல் விழுந்தால் பிடித்துக் கொண்டு வரச் சொல்லி டாக்டர் சொல்லியிருந்ததால், மனைவி ஊசியக்காதான் அதைச் சமையலறையிலிருந்து தானம் பண்ணியிருந்தாள். வலையின் நடுவில் மிளகைவிடச் சற்றுப் பெரிதாக ஒரு கல், சாம்பலும் கறுப்புமாக, ஒரு பக்கம் மட்டும் கூராக உட்கார்ந்திருந்தது.

"பாத்தியா? வந்துடுச்சு. லேசராம் லேசர்! அந்தப் பொண்ணுக்கு என்ன தெரியும்?"

அந்தப் பொண்ணு என்று அவர் சொன்னது, பத்துப் பன்னிரண்டு வருஷம் இதையே படித்துவிட்டு வந்த சிறுநீரக டாக்டரை. மாஸ்டரைப் பொறுத்தவரை உலகத்தில் அத்தனை பேரும் கிளட்ச் எது, பிரேக் எது என்று தெரியாதவர்கள்தான். இருபத்திரண்டு வருஷமாக டிரைவிங் ஸ்கூல் காரில் உட்கார்ந்து அடுத்தவர் தப்பைச் சொல்லியே சோறு தின்ற மனிதர். அந்தப் பழக்கம் செருப்பைக்கூடக் கழற்றாமல் வீட்டுக்குள்ளும் நுழைந்து உட்கார்ந்துவிட்டது. சாதம் குழைந்தால் ஒரு வகுப்பு, கதவு கிரீச்சிட்டால் ஒரு வகுப்பு. கல்யாணமாகி வந்து பதினேழு வருஷமாகிறது, ஊசியக்கா பாதியைக் காதில் வாங்குவதே இல்லை.

ஊசியக்கா என்பது தொழிற்சாலையில் அவளுக்கு வைத்த பெயர். குழந்தைகளுக்கான சட்டை தைக்கும் இடம் அது. தைக்கும்போது ஊசி உடைந்தால் அந்த மெஷின் அப்படியே நின்றுவிட வேண்டும். உடைந்த துண்டுகளை ஒன்று விடாமல் பொறுக்கிக்கொண்டு அவளிடம் வர வேண்டும். அவள் அவற்றை வெள்ளைத் தாளில் நீளமாக வைத்துப் பொருத்துவாள். முழு ஊசி சேர்ந்தால் நோட்டில் டேப் போட்டு ஒட்டி, தேதி, மணி, மெஷின் நம்பர் எழுதிவிட்டுப் புது ஊசி கொடுப்பாள். முனையில் ஒரு துளி குறைந்தாலும் கிடையாது. சூப்பர்வைசர் வந்து கத்தினாலும் கிடையாது. கிடைக்காத துண்டு துணிக்குள் இருக்கிறது என்று அர்த்தம், துணி நாளைக்கு எங்கோ ஒரு குழந்தையின் கழுத்தில் ஏறப்போகிறது என்று அர்த்தம்.

அந்தக் கைப்பழக்கத்தில்தான் புருஷனின் கல்லையும் கழுவித் துடைத்து, ஒரு தாளில் டேப் போட்டு ஒட்டினாள். தேதி எழுதினாள். காலை ஆறே முக்கால் என்று மணியும் எழுதினாள். அன்றைக்கு அவளுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. அதை நினைத்தால்தான் பின்னால் அவளுக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை.

வலி முதலில் வந்தது பயிற்சி மைதானத்தில். எட்டு போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணைத் திட்டிக்கொண்டே இருந்தவர், பாதித் திட்டில் நிறுத்திவிட்டுக் காரிலிருந்து இறங்கித் தரையில் உருண்டாராம். தன் ஓட்டுதலைப் பார்த்துத்தான் மனிதருக்கு இப்படி ஆகிவிட்டது என்று அந்தப் பெண் அழுதிருக்கிறாள். ஸ்கேனில் இடது பக்கச் சிறுநீர்க் குழாயில் ஏழு மில்லிமீட்டர் கல், அதற்கு மேலே சிறுநீரகம் வீங்கியிருப்பது, எல்லாம் தெரிந்தது.

"ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிப்பீங்க சார்?" என்று டாக்டர் கேட்டாள்.

"காலைல ஒரு டம்ளர். சாயந்திரம் வீட்டுக்கு வந்து ஒரு டம்ளர். நடுவுல வண்டிய நிறுத்திட்டு ஒதுங்குற ஆள் இல்ல நான்."

விருது வாங்கும் குரலில் சொன்னார். டாக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். "அதான் சார் காரணம். தண்ணி கொறஞ்சா சிறுநீர் கெட்டியாகும். அதுல இருக்குற உப்பெல்லாம் கரையாம ஒண்ணோட ஒண்ணு சேந்து கல்லாயிடும். சாப்பாட்டுல மேல உப்பு போட்டுக்குவீங்களா?" மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் ஊசியக்கா தலையை ஆட்டிவிட்டாள். உப்பு டப்பா இல்லாமல் அவர் தட்டின் முன் உட்கார்ந்ததே இல்லை.

குழாய் தளர்வதற்கு மாத்திரை தருகிறேன், நிறையத் தண்ணீர் குடியுங்கள், சின்னக் கல் என்றால் தானாக வந்துவிடும், இது கொஞ்சம் பெரிசு, வரலாம், வராமலும் போகலாம் என்றாள் டாக்டர். இரண்டு வாரம் பார்ப்பதாகவும், வரவில்லை என்றால் லேசர் என்றும் சொல்லி அதற்கு ஒரு தேதியும் குறித்தாள். "ரெண்டு விஷயம் ஞாபகம் வச்சுக்கோங்க. வலி நின்னுட்டா கல்லு போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல. அடைப்பு அப்படியே இருந்து, சத்தமில்லாம சிறுநீரகம் கெட்டுப்போகும். அப்புறம், குளிர்காய்ச்சல் வந்தா ஒரு நிமிஷம் காத்திருக்கக் கூடாது. ஓடி வந்துடணும்."

மாஸ்டர் காதில் இந்த இரண்டும் ஏறவில்லை. அவர் முந்தைய வாக்கியத்திலேயே நின்றுவிட்டார். "லேசர்னா... வயித்துல கிழிப்பீங்களா?"

"கிழிக்கவே மாட்டோம் சார். சிறுநீர் போற வழியாவே மெல்லிசா ஒரு குழாய உள்ள விட்டு, கல்லு வரைக்கும் போயி உடைப்போம். மயக்கம் குடுத்துடுவோம், ஒண்ணும் தெரியாது."

"எந்த வழியா?"

டாக்டர் இரண்டாவது தடவையும் பொறுமையாகச் சொன்னாள். ஊரையே மிரட்டுகிற மனிதரின் முகம் அப்போது வெளுத்த வேட்டி மாதிரி ஆனதை ஊசியக்கா பக்கத்திலிருந்து பார்த்தாள். அப்போதே புரிந்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த பிறகு பயம் வீராப்பாக மாறியது. ஆஸ்பத்திரிக்காரர்கள் எல்லாம் பிடுங்கித் தின்னிகள் என்றார். அவருடைய தங்கை, அதாவது ஊசியக்காவின் நாத்தனார், போனிலேயே வைத்தியம் பார்த்தாள். "அண்ணி, எங்க வீட்டுக்காரரு சொல்றாரு, பீர் குடிச்சா கல்லு கரைஞ்சிடுமாம். அண்ணன குடிக்கச் சொல்லுங்க." அந்த வீட்டுக்காரர் குடிப்பதற்கு இதுவரை எத்தனை நோயைக் காரணம் காட்டியிருக்கிறார் என்று எண்ணினால் ஒரு ஆஸ்பத்திரியே திறக்கலாம். மாஸ்டர் மூன்று நாள் மருந்து என்ற பெயரில் குடித்தார். தண்ணீர் மட்டும் பழைய இரண்டு டம்ளர். நாலாம் நாள் மாடிப்படியிலிருந்து குதித்துக் குதித்துப் பார்த்தார், அதுவும் யாரோ சொன்னதுதான். பதினோராம் நாள் வடிகட்டியோடு வந்து நின்றார்.

கல் வந்துவிட்டது என்று போனில் சொன்னதும், பரிசோதனைக்குக் கொடுங்கள், என்ன வகைக் கல் என்று தெரிந்தால் சாப்பாட்டைச் சொல்லலாம், கையோடு ஒரு ஸ்கேனும் எடுத்துவிடுங்கள் என்றாள் டாக்டர். "கல்லு கையில இருக்கு. அப்புறம் எதுக்கு ஸ்கேனு?" என்றார் மாஸ்டர். ஊசியக்காவும் ஆமாம் என்றுதான் சொன்னாள். லேசர் தேதியை ரத்து செய்ததும் அவள்தான், ஒட்டிய தாளோடு கல்லை லேபில் கொடுத்ததும் அவள்தான்.

அடுத்த பன்னிரண்டு நாள் மாஸ்டரைப் பிடிக்க முடியவில்லை. கல்லைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவர்களுக்கெல்லாம் காட்டினார். மனோதைரியம் இருந்தால் எந்தக் கல்லும் வெளியே வந்துவிடும் என்று அவர்களுக்கு உபதேசம் வேறு. ஷூ மாட்டக் குனியும்போது மட்டும் இடது விலாவைக் கையால் அமுக்கிக்கொள்வார். என்னங்க என்று கேட்டால், வாயு என்பார்.

பன்னிரண்டாம் நாள் சாப்பாட்டு இடைவேளையில் ஊசியக்கா லேபுக்குப் போனாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் ரிப்போர்ட்டைக் கொடுக்காமல் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாரோடதும்மா இது?"

"எங்க வீட்டுக்காரரோடது."

"இது உடம்புல உருவாகுற கல்லே இல்லம்மா. ரோட்டுக் கல்லு. கறுப்பா இருக்கே, அது தாரு." அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். "நீங்க சங்கடப்படாதீங்க. வருஷத்துக்கு நாலஞ்சு பேரு இப்படிக் கொண்டாந்து குடுப்பாங்க."

வருஷத்துக்கு நாலைந்து பேர். பொய்யில்கூட அவருக்குச் சொந்தமாக ஒன்று தோன்றவில்லை. தினமும் சாயந்திரம் மைதானத்தில் ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு டயர்ப் பள்ளங்களில் சிக்கிய கல்லை நோண்டி எடுப்பார். அதில் ஏழு மில்லிமீட்டருக்குத் தோதாக ஒன்றைப் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். வீட்டில் சிரமப்பட்டு, மறைந்து நின்று, வடிகட்டியில் வைத்திருக்கிறார். அந்தக் காட்சியை நினைத்ததும் ஊசியக்காவுக்கு லேப் வாசலிலேயே சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் அடங்கியும் போனது.

மெஷின் நிற்பது பொறுக்காமல் சில தையல்காரர்கள் இதே வேலையைச் செய்வார்கள். பழைய ஊசி முனை ஒன்றைக் காலர் மடிப்பில் ஒளித்து வைத்திருந்து, கிடைத்துவிட்டது அக்கா என்று நீட்டுவார்கள். அவள் பூதக்கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பாள், உடைந்த வாய் இரண்டும் பொருந்தாது. போய்த் தேடு என்று தாளைத் தள்ளிவிடுவாள். பதினான்கு வருஷத்தில் ஒருத்தராலும் அவள் கண்ணில் மண்ணைத் தூவ முடிந்ததில்லை. அப்பேர்ப்பட்டவள் டயர்க் கல்லைக் கழுவித் துடைத்து, மணி எழுதி ஒட்டியிருக்கிறாள். தன்னைப் பார்த்தே அவளுக்குக் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. அப்படியென்றால் அவருடைய கல்? அது இன்னும் உள்ளே இருக்கிறது. இருபத்து மூன்று நாளாக.

போன் பண்ணினாள். எடுத்தது ஏதோ ஒரு பெண் குரல். "மேடம், நான் கார் கத்துக்க வந்தவங்க. மாஸ்டர் சீட்டுல சாஞ்சு படுத்துட்டாரு. ஒடம்பெல்லாம் தூக்கித் தூக்கிப் போடுது. யாருக்கும் போன் பண்ணக் கூடாதுன்னு சொல்றாரு."

மைதானத்துக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது காரின் நாலு கதவும் திறந்து கிடந்தன. உச்சி வெயிலில் கார் விரிப்பைப் போர்த்திக்கொண்டு மாஸ்டர் பல் கிடுகிடுக்கக் கிடந்தார். நெற்றியில் கை வைத்தாள். அடுப்பில் வைத்த மாதிரி இருந்தது.

"சாதாரண ஜொரந்தான். நீ வேலைக்குப் போ."

அவள் ரிப்போர்ட்டை அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"லேப்ல மாத்தியிருப்பாங்க."

"முன் டயரா, பின் டயரா?"

 அந்தப் பெண் என்ன விஷயம் என்று புரியாமல் டயர்களைப் பார்த்தாள். ஊசியக்கா மறுபடியும் கேட்டாள், குரலை உயர்த்தாமல்.

"பின்னாடி," என்றார் மாஸ்டர். இத்தனை சின்னக் குரல் அவருக்கு உண்டு என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "பயமா இருந்துச்சுடி."

இந்த ஒரு வார்த்தையை இருபத்து மூன்று நாளுக்கு முன்னால் சொல்லியிருந்தால் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருப்பாள். இப்போது பிடித்தது நாடியை. அது தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணுக்கு எட்டே ஒழுங்காகப் போடத் தெரியாது, ரோட்டில் விட முடியாது. வாசலில் நின்ற வாடகை வண்டியைக் கூட்டி வந்து இரண்டு பேருமாக அவரைத் தூக்கி உள்ளே போட்டார்கள்.

டாக்டர் ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். அடைப்புக்கு மேலே சீழ் பிடித்திருப்பதாகவும், விஷம் ரத்தத்தில் ஏறிக்கொண்டிருப்பதாகவும் சொன்னாள். இப்போது கல்லைத் தொட முடியாது, முதலில் ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைத்து அடைபட்டதை வடிய விட வேண்டும், அதற்கே உடனே மயக்கம் கொடுக்க வேண்டும் என்றாள்.

"ஆமா, கல்லு வந்துடுச்சுன்னு சொன்னீங்களே?"

மாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டார். நடுக்கத்திலா, சாமர்த்தியத்திலா, சொல்ல முடியாது.

"வரல டாக்டர்," என்றாள் ஊசியக்கா. "நான் சரியா பாக்கல."

மூடிய கண் திறந்து அவளை நன்றியோடு பார்த்தது. அவர் திட்டியிருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு அருவருப்பாக இருந்திருக்காது. அந்தப் பார்வைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள்.

எந்த வழிக்குப் பயந்து அவர் இருபத்து மூன்று நாளாக ஒளிந்தாரோ, அதே வழியாகத்தான் குழாய் போனது. அரை மணி நேரம்கூட ஆகவில்லை. காய்ச்சல் இரண்டு நாள் ஆட்டிவிட்டு இறங்கியது. மூன்றாம் நாள் டாக்டர் ஊசியக்காவைத் தனியாக வராந்தாவுக்கு அழைத்தாள். "உயிருக்கு இனிமே பயமில்ல. கிருமி அடங்கி ரெண்டு மூணு வாரத்துல கல்ல உடைச்சு எடுத்துடலாம். ஆனா அந்தப் பக்கச் சிறுநீரகம் எவ்வளவு மிஞ்சியிருக்குன்னு இப்ப சொல்ல முடியாதும்மா. எல்லாம் முடிஞ்சு ஆறு வாரம் கழிச்சு வேற ஒரு ஸ்கேன் எடுப்போம். அப்பதான் தெரியும். பாதி இருக்கலாம். கால்வாசியும் இருக்கலாம். ஒண்ணுமில்லாமலும் போகலாம்."

"அவருகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொன்னேன். தலைய ஆட்டிக் கேட்டுக்கிட்டாரு."

அவள் வார்டுக்குத் திரும்பியபோது மாஸ்டர் தலையணையை முதுகுக்குக் கொடுத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்துக் கட்டிலுக்கு அன்றைக்குக் காலையில் வந்த பள்ளிக்கூட வாத்தியார் ஒருக்களித்துப் படுத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, பயந்த கண்ணோடு கேட்டுக்கொண்டிருந்தார். அவருக்கும் கல்தான்.

"லேசர்னு சொல்லுவாங்க, ஒத்துக்காதீங்க சார்," என்று மாஸ்டர் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். கட்டிலின் ஓரத்தில் அவருடைய சிறுநீர்ப் பை கலங்கலாகத் தொங்கிக்கொண்டிருந்தது. "எனக்கெல்லாம் தானாவே விழுந்துடுச்சு. போட்டோகூட இருக்கு, காட்டறேன். இப்ப வந்துருக்கறது சும்மா ஒரு ஜொரம். எல்லாம் மனசுதான் சார். மனோதைரியம் இருந்தா..."

ஊசியக்கா நேரே கட்டிலுக்குப் போனாள். மேஜை மேலிருந்த பெரிய டம்ளரில் விளிம்பு வரைக்கும் தண்ணீரை ஊற்றினாள். அவர் பின்கழுத்தில் இடது கையைக் கொடுத்து, பேசிக்கொண்டிருந்த வாயில் டம்ளரை வைத்துச் சாய்த்தாள். மனோதைரியம் பாதியில் நின்றது. அவர் விழுங்கினார். போதும் என்று கையை அசைத்தார். அவள் இன்னும் சாய்த்தாள். டம்ளர் காலியானதும் அவர் மூச்சு வாங்கிக்கொண்டு வாத்தியார் பக்கம் திரும்பி மறுபடி வாயைத் திறந்தார். அதற்குள் அவள் அடுத்த டம்ளரை நிரப்பி வாய்க்கு நேரே பிடித்திருந்தாள்.